மேலே ஒன்றும் இல்லை

என் கணவர் முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தார். மற்றவர்கள் வண்டி ஓட்டுவார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கடைசியில் தேறினார் அல்லது தேறவில்லை என்று எழுதுவார். அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது.

ஓய்வு பெற்றபின் ஊர் சுற்ற ஆரம்பித்தார். அதிலும் அதே முறைதான். கோட்டையோ குன்றோ கோபுரமோ, எதன் அடிவாரத்திலும் ஒரு டீக்கடை இருக்கும். அவர் அங்கே உட்காருவார். நான் ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டும். வந்ததும், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

“தேறுமா?”

தேறும் என்றால் எழுந்து வருவார். முட்டியைத் தடவித் தடவி ஏறுவார். மேலே போனதும் ஒரு கல்லைத் தேடுவார். வலது காலை அதன்மேல் வைத்து, கையை இடுப்பில் ஊன்றுவார். சுட்ட புலியின்மேல் கால் வைத்தவர் மாதிரி. கல் கிடைக்காவிட்டால் எங்கள் பையை இறக்கச் சொல்லி அதன்மேல் வைப்பார். நான் படம் எடுப்பேன். இரண்டு நிமிடம் ஆகும். “சரி, இறங்கலாம்,” என்பார்.

முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் வேலை பார்த்த மருத்துவமனையில்தான் எக்ஸ்ரே எடுத்தோம். என் முட்டியைவிட நல்ல முட்டி.

பத்து வருடம். பதினான்கு பயணம். ஒன்பது ஆல்பம். மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்று மணிக்கு, எங்கள் முன்னறையில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாடி வீட்டு பேங்க் கிளார்க் வருவார். எதிர் வீட்டு டியூஷன் டீச்சர் வருவாள். கட்டிடத்தின் கீழே கடை வைத்திருக்கும் டெய்லரும் அவர் மனைவியும் வருவார்கள். வராமல் இருக்க முடியாது. என் கணவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘சுற்றுலாத் துறை’ என்று பெயர். டீச்சர் வைத்தது. அவருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்பதால்தான் யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வாசகம் அவருடையது. ‘செங்குத்தான நானூறு படிகள். நாங்கள் சளைக்கவில்லை.’ படத்தில் அவருக்குப் பின்னால் தெரிவது முதல் படி.

இன்னொன்று. அவரும் ஒரு தொப்பிக்காரரும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கும் படம். ‘வழிகாட்டியுடன் வரலாற்று விவாதம்.’ தொப்பிக்காரர் தண்ணீர் லாரி டிரைவர். வழியை விட்டு நகரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் லாரி நின்றது. பின்னால் பஸ் நின்றது. கடைசியில் நான்தான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

மற்றொன்று கலங்கரை விளக்கம். ‘கடும் காற்று. அன்று எவரும் ஏறவில்லை.’

அன்று நான் ஏறினேன். இருநூற்றுப் பதினான்கு படி. மேலே காற்று சுகமாக இருந்தது. இறங்கி வந்து டீக்கடை வாசலில் நிற்கும்போது தொடை இரண்டும் நடுங்கின. “தேறுமா?” என்றார். தேறும் என்றால் இன்னொரு முறை ஏற வேண்டும். தேறாது என்றால் ஹோட்டலுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம்.

“தேறாது. சரியான காத்து. நிக்க முடியல.”

சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். ‘ஒன்றும் இல்லை’ என்று நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் சிரித்தபடி வெளியே போவார்கள். நான் சொன்னால் நம்புவார்கள். அவரும் நம்பினார். வேலையில் நான் ஒருமுறைகூடப் பொய் எழுதியதில்லை.

முதல் பொய் கால் வலிக்காகச் சொன்னது. இரண்டாவதற்கு அந்தச் சாக்கு கிடையாது. காட்டுக்குள் ஒரு தொங்கு பாலம். நடுவில் நின்றால் கீழே ஆறு போவது கேட்கும், தெரியாது. அங்கே அவர் கால் வைக்கக் கல் இல்லை. பையைக் கேட்பார். பை பாலத்தின் நடுவில் கிடக்கும், அதன்மேல் அவர் செருப்பு இருக்கும். நினைத்துப் பார்த்தேன். கீழே வந்து, “பாலம் அறுந்து கெடக்கு,” என்றேன்.

இப்படி ஏழு இடம் சேர்ந்தது. ஏழையும் அவர் பார்க்கவில்லை. ஏழிலும் சிறந்தது ஏரி.

ஐந்தாவது பயணத்தில் அது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு விடுதி இருந்தது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றரை மணி நேரம் ஏறினேன். மேடு முடிந்ததும் ஒரு பள்ளம். பள்ளம் நிறையத் தண்ணீர். ஆள் இல்லை, படகு இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. ஷூவைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தேன். வலிக்கும்வரை வைத்திருந்து எடுத்தேன். பிறகு மறுபடி வைத்தேன். அவருக்காக எடுத்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் நானே தின்றேன். மூன்று மணி நேரம். வேறெதுவும் நடக்கவில்லை.

“என்ன இவ்ளோ நேரம்?”

“வழி தப்பிட்டேன்.”

“தேறுமா?”

“வெறும் கல்லு.”

அந்தப் பக்கத்தில் விடுதி வாசலில், பாதையின் முதல் கல்லில் கால் வைத்து அவர் நிற்கிறார். சீட்டில் இப்படி இருக்கிறது: ‘மேலே ஒன்றும் இல்லை. வெறும் கல். ஏறி ஏமாறாதீர்கள்.’

சென்ற வருடம் ஒரு ஞாயிறு, ஆல்பம் கைமாறிக்கொண்டிருந்தபோது, டெய்லர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“சார், இந்த இடத்துக்குத்தான் போறோம்.”

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டெய்லர் எங்கும் போனதில்லை. கடை வாசலுக்கு மேலே எங்கள் ஜன்னல். காலை எட்டு மணிக்கு மெஷின் சத்தம் ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணிக்கு நிற்கும்.

“நாலு நாள்,” என்றார் டெய்லர். “போக ஒண்ணு, வர ஒண்ணு. நடுவுல ரெண்டு நாள். ஒரு நாள் கீழ சுத்திப் பாக்கலாம். இன்னொரு நாள் மேல ஏறலாமான்னு இவ கேக்கறா.”

“மேல எதுக்கு?” என்றார் என் கணவர். கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்புச் சொல்லும்போது கழற்றுவார். “மேல ஒண்ணும் கெடையாது. தேறாது. எழுதிக்கோங்க. ரோப் கார்ல ஒரு தடவை போங்க. பக்கத்துலயே கண்ணாடிச் சாமான் ஃபேக்டரி. கிண்ணம் ஊதறதைக் காட்டுவான். நாங்க அரை நாள் அங்கதான் இருந்தோம்.”

“நீங்க ஏறினீங்களா சார்?” என்றாள் டெய்லரின் மனைவி.

“நாங்க ஏறாத இடமா?”

“சார் ஏறலேன்னா மலைக்குத்தான் அவமானம்,” என்றாள் டீச்சர். கிளார்க் இருமினார். என் கணவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

டெய்லர் சட்டைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். கழுத்து, தோள், கை என்று யாருடைய அளவுகளோ இருந்த பக்கத்தின் மூலையில் ‘ரோப் கார், கிண்ணம்’ என்று எழுதினார்.

நான் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். டெய்லர் போவார், வருவார், நன்றாக இருந்தது என்பார். அடுத்த மாதமே என் கணவர் டிக்கெட் எடுப்பார். முட்டி ஒரே நாளில் சரியாகும். ஏரிக்கரையில் ஒரு கல் இருக்கும். இருக்கிறது, நான் உட்கார்ந்த கல்.

எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மெஷின் சத்தம் கேட்டது. முன்பும் கேட்டதுதான். புதன்கிழமை ஜன்னல் திரையைக் கழற்றினேன். அதன் ஓரம் பிரியவில்லை. நான் பிரித்தேன். எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

டெய்லர் நூல் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி ஒரு கோட்டின் உள்பக்கத்தில் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. உக்காருங்க.”

திரையை மேஜையில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

“மேல ஒரு ஏரி இருக்கு,” என்றேன். “ஏறுங்க.”

“எங்க?”

“நீங்க போற இடத்துல.”

கத்தரிக்கோல் நின்றது. “சார் ஒண்ணும் இல்லேன்னாரே.”

“அவர் ஏறல.”

“பின்ன எப்படிச் சொன்னார்?”

“நான் சொன்னதைச் சொன்னார்.”

“நீங்க?”

“நான் ஏறினேன்.”

கோட்டைத் திருப்பினாள். இன்னும் இரண்டு பிசிறை வெட்டினாள். எனக்கு அவள் சிரிப்பாள் என்றுதான் தோன்றியது. டீச்சராக இருந்தால் சிரித்திருப்பாள். அவள் சிரித்தால் நானும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். தண்ணீர் லாரி கதைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப சார் பொய் சொல்லல,” என்றாள்.

“அவர் எப்பவும்…”

“மத்ததெல்லாம் எப்படியோ. இதுல அவர் பொய் சொல்லல. பெண்டாட்டி சொன்னதை நம்பி ஊருக்குச் சொல்லிட்டிருக்கார்.”

மேஜையில் கிடந்த திரையின் ஓரத்தை உள்பக்கமாக மடித்தேன்.

“ஞாயித்துக்கிழமை அங்கயேதானே நின்னீங்க. பிஸ்கட் குடுத்தீங்களே, அதோட இதையும் குடுத்திருக்கலாம்.”

“குடுத்திருக்கலாம்.”

“பன்னண்டு வருஷத்துல முதல் தடவை கடையை மூடறோம்க்கா. இன்னொரு தடவை மூடுவோமான்னு தெரியாது. நீங்க சும்மா இருந்திருந்தா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கிட்டு வந்து அலமாரில வெச்சிருப்போம். அதைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டிருப்போம். தெரியாதே.”

“இப்ப சொல்லிட்டேனே.”

“இப்ப சொல்லிட்டீங்க.”

திரையை விரித்துப் பார்த்தாள். ஓரத்தில் பிரித்த இடத்தை விரலால் நீவினாள். நூல் தானாக விட்டுப்போனதா, பிளேடு வைத்ததா என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“வெள்ளிக்கிழமை தரேன்,” என்றாள்.

“அவருக்குத் தெரிய வேணாம்,” என்றேன். கேட்கும்போதே அசிங்கமாக இருந்தது.

“நான் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரர் வாய்க்கு நான் பொறுப்பு இல்ல. அது ஓட்டைப் பானை.”

அவர்கள் போனார்கள். நான்கு நாள் கீழே சத்தம் இல்லை. என் கணவர் மூன்றாம் நாள் கேட்டார். “இந்நேரம் ஃபேக்டரில இருப்பாங்க, இல்ல?” நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இருப்பார்கள் என்றேன்.

அடுத்த முதல் ஞாயிறு டெய்லர் எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பெரிய கவர். கிளார்க் வந்து, டீச்சர் வந்து, ஆல்பத்தை என் கணவர் திறக்கப் போன நேரத்தில் டெய்லர் கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். பெரிதாக அச்சுப் போட்டது. அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பானை உடைந்துவிட்டது.

“சார், நீங்க ஒண்ணும் இல்லேன்னீங்க. அக்கா சொல்லித்தான் ஏறினோம். அடேயப்பா!”

படத்தில் டெய்லர் ஒரு கல்லின்மேல் வலது காலை வைத்து, இடுப்பில் கையூன்றி நின்றார். பத்து வருடம் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து கற்ற பாடம். வயிற்றை உள்ளே இழுத்திருந்தார். ஏரியின் பெரும்பகுதியை அவர் மறைத்திருந்தார். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த முக்கோணத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது.

கல் அதே கல்.

படம் கிளார்க்கிடம் போனது, டீச்சரிடம் போனது, என் கணவரிடம் வந்தது. தூர வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இது எங்க?”

“மேலதான் சார். விடுதிக்கு மேல. ஒண்ணரை மணி நேரம்.”

“ஆல்பத்துல வெறும் கல்லுன்னு போட்டிருந்துச்சே,” என்றார் கிளார்க். அவர் பேங்கில் கையெழுத்துச் சரிபார்க்கிற ஆள். விட மாட்டார்.

யாரும் டீயை எடுக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தாள். டெய்லரின் மனைவி தரையைப் பார்த்தாள். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நாங்க போனப்ப பனி,” என்றார். “பத்தடிக்கு மேல கண்ணு தெரியல. ஏரி இருக்குன்னு இவளுக்கே அப்புறம் யாரோ சொல்லித்தான் தெரியும்.”

“கல்லு மட்டும் தெரிஞ்சுதா சார்?”

“தடுக்கி விழுந்தா கல்லு தெரியாதாய்யா?”

கிளார்க்கே சிரித்துவிட்டார். என் கணவர் ஆல்பத்தைத் திறந்தார். அன்று ஐந்து பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்படி நிறுத்தியதே இல்லை.

அந்தப் பனி யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காக என்றால் பழகியதுதான். எனக்காக என்றால் அதை எங்கே வைப்பது என்று புரியவில்லை. பத்து வருடமாக அவரைப் பற்றி நான் அடுக்கி வைத்திருந்ததில் அதற்கு இடம் இல்லை.

எல்லோரும் போனபின் கோப்பைகளை எடுத்தேன். அவர் நாற்காலியிலேயே இருந்தார். வெளியே வெயில் இன்னும் இருந்தது.

“எத்தனை?” என்றார்.

என்ன எத்தனை என்று கேட்டிருக்கலாம். ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்.

“ஏழு.”

“கலங்கரை விளக்கம்?”

“அதுவும்.”

“பாலம் அறுந்திருந்துச்சுன்னியே.”

“அறுகல.”

விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு வரை வந்து நிறுத்தினார். மிச்சம் மூன்றை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் முட்டியைப் பற்றிப் பேசலாம், எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டலாம். அது பீரோவில்தான் இருக்கிறது.

“எல்லாம் நல்லா இருந்துச்சா?”

கோப்பைகளைக் கீழே வைத்தேன்.

“ஆறு நல்லா இருந்துச்சு. ஒண்ணு சுமார்.”

“அந்தச் சுமாரானதைச் சொல்லு.”

“அது எதுக்கு? ஏரியைச் சொல்றேனே.”

“வேணாம். நல்லதைக் கேட்டா வயிறு எரியும்.”

சொன்னேன். கடற்கோட்டைக்குப் பின்னால் ஒரு காவல் கோபுரம். பாதிப் படி இடிந்திருந்தது. மேலே ஒரு அறை. அறைக்குள் ஒரு ஆடு. எப்படி ஏறியது என்று தெரியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் நகரட்டும் என்று அது காத்திருந்தது. அது நகரட்டும் என்று நான் காத்திருந்தேன். கால் மணி நேரம். கடைசியில் நான்தான் இறங்கினேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

குறுக்கே பேசாமல் கேட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“முட்டுச்சா?”

“இல்ல.”

“பயந்தியா?”

“கொஞ்சம்.”

“ம்,” என்றார். அந்த ‘ம்’ எனக்குப் பிடித்திருந்தது. இரவுச் சாப்பாடுவரை பிடித்திருந்தது. ஒரு வாரம்கூட லேசாகப் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆறில் ஒன்றைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பாலத்தைச் சொல்லலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கடற்கோட்டைப் பக்கம் வந்ததும் ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுல போடாத ஒரு சங்கதி இருக்கு,” என்றார். “பின்னால ஒரு கோபுரம். படியெல்லாம் இடிஞ்சு கெடக்கு. இவ கீழயே நின்னுட்டா. நான் விடல. தவழ்ந்து தவழ்ந்து ஏறிப் போறேன், உள்ள பாத்தா ரெண்டு ஆடு.”

“ரெண்டா?” என்றார் கிளார்க்.

“ரெண்டு. கன்னுக்குட்டி சைஸ். ஒண்ணு வழியை மறிக்குது, இன்னொண்ணு பின்னால வருது. முட்டுச்சு பாருங்க ஒரு முட்டு…” வலது முட்டியைத் தடவினார். “அன்னிலேர்ந்துதான் இது.”

டெய்லர் உச்சுக்கொட்டினார். டீச்சர் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“நம்பலேன்னா இவளைக் கேளுங்க,” என்றார் என் கணவர். “கீழேர்ந்து பாத்துட்டுதானே இருந்தா.”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சந்தேகமும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைப்பவர்கள் முகத்தில் இருக்குமே, அது இருந்தது. பாலத்தைச் சொல்லாமல் இருந்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

“ரெண்டு ஆடு,” என்றேன்.

டெய்லரின் மனைவி மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

“கொம்பு இருந்துச்சாக்கா?”

“இருந்துச்சு,” என்றேன்.